நான்காவது போல்ட்டும் இறங்க வேண்டும்: வீட்டுப் பட்டறையில் துளை மார்க்கிங்

மூன்று போல்ட் கையாலேயே இறங்கிவிடும். நான்காவது மட்டும் முரண்டு பிடிக்கும். உடனே ரவுண்டு அரத்தை எடுத்து அந்தத் துளையை ராவி நீளமாக்கி, பெரிய வாஷர் ஒன்றைப் போட்டு மூடிவிடுவோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெஞ்ச் வைஸும் டிரில்லிங் மெஷினும் வைத்து வேலை பார்க்கும் எவருக்கும் இது பழகிய காட்சிதான். பழி பெரும்பாலும் மெஷின் மேல் விழும். ஆனால் அந்த அரை மில்லி தப்பு, பிட் சுற்றத் தொடங்கும் முன்பே தகட்டில் ஏறிவிட்டிருக்கும். ஸ்கேல் வைத்ததில் கொஞ்சம், கோடு போட்டதில் கொஞ்சம், பஞ்ச் (சுத்தியலால் தட்டிப் புள்ளி பதிக்கும் கூர்முனைக் கருவி) அடித்ததில் கொஞ்சம் என்று சேர்ந்த தப்பு அது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பிளேட்டை வைத்துப் போகிறது: 150 × 150 மி.மீ., 8 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) பிளேட். நடுவில் ஒரு துளை, அதைச் சுற்றி 100 மி.மீ. பிசிடியில் எம்8, அதாவது 8 மி.மீ. தடிமன் போல்ட்டுக்கான ஆறு துளைகள். பிசிடி என்றால் போல்ட் துளைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். மோட்டார் மவுன்ட், பம்ப் ஃபிளாஞ்ச், பேரிங் ஹவுசிங் எல்லாமே ஏறக்குறைய இந்தக் கணக்குதான்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

இதை முடிவு செய்யாமல் ஸ்கேலைத் தொடாதீர்கள். எம்8 போல்ட்டுக்கு வழக்கமான துளை 9 மி.மீ. நெருக்கமாக வேண்டுமானால் 8.4, தாராளமாகப் போதுமானால் 10. எம்6-க்கு இதே வரிசை 6.4, 6.6, 7. எம்10-க்கு 10.5, 11, 12.

இரண்டு பிளேட்டிலும் 9 மி.மீ. துளை போட்டு, போல்ட்டும் நட்டும் மாட்டுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு பிளேட்டிலும் துளை மையம் சரியான இடத்திலிருந்து அரை மில்லி வரை விலகினாலும் போல்ட் இறங்கும். ஒரு பிளேட்டில் மரை போட்டு, இன்னொன்றில் மட்டும் 9 மி.மீ. துளை என்றால் இரண்டு பிளேட்டுக்கும் சேர்த்தே அந்த அரை மில்லிதான். அதாவது பிளேட்டுக்குக் கால் மில்லி. மரை போட்ட வேலை ஏன் எப்போதும் தகராறு செய்கிறது என்பதற்கு விடை இதுதான்.

பெல்ட் இறுக்கத்துக்காக நகர்த்த வேண்டிய மோட்டார் என்றால் எப்படியும் நீள ஸ்லாட்தான் போடப்போகிறீர்கள். அங்கே கால் மில்லிக்கு மெனக்கெடுவது வீண். அதே சமயம், கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார வேண்டிய பாகம் என்றால், போல்ட்டை நம்பவே கூடாது. போல்ட்டின் வேலை இறுக்குவது. இடத்தைப் பிடித்து வைப்பது டவல் பின்னின், அதாவது துளையில் இறுக அடிக்கும் மரையில்லாத உருளைக் கம்பியின் வேலை. இரண்டு பிளேட்டையும் சரியாக அமர்த்தி, போல்ட்டை முறுக்கிவிட்டு, இரண்டும் சேர்ந்தபடியே 7.8 மி.மீ. பிட்டால் துளைத்து, 8 மி.மீ. ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) ஓட்டி, இரண்டு பின் அடித்துவிட்டால் அதற்கப்புறம் போல்ட் துளைகள் தாராளமாக இருந்தாலும் கவலையில்லை.

தகட்டைத் தயார் செய்வது

பழைய இரும்புக் கடையில் எடுத்த பிளேட் என்றால் நான்கு ஓரமும் கேஸ் கட்டிங்கின் மேடுபள்ளத்தோடு இருக்கும். நான்கையும் சரிசெய்ய வேண்டாம். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு ஓரம் போதும். முதல் ஓரத்தை நேராக ராவுங்கள். ஸ்கேலின் விளிம்பை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கே மேடு என்று தெரியும். இரண்டாவது ஓரத்தை ட்ரை ஸ்கொயர் வைத்து முதலாவதற்குச் செங்குத்தாக்குங்கள்.

அந்த ட்ரை ஸ்கொயரே சரியா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நேரான ஓரத்தில் வைத்து ஒரு கோடு, அதே புள்ளியில் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஸ்கொயர் சரி. மேலே போகப் போக விரிந்தால், அந்த விரிசலில் பாதிதான் ஸ்கொயரின் தப்பு.

பிசிறை முழுக்க எடுங்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பிசிறு, ஸ்கேலைக் கால் மில்லி தள்ளி வைத்துவிடும். இரண்டு ஓரத்திலும் மார்க்கரால் ‘அ’, ‘ஆ’ என்று எழுதிவைத்தால், பிளேட்டைத் திருப்பும்போது குழப்பம் வராது.

கோடு தெரிய வேண்டுமே

பளபளக்கும் இரும்பில் ஸ்க்ரைபர் (கோடு கீறும் கூர்முனைக் கம்பி) கோடு கண்ணுக்குச் சரியாகப் படாது. கடையில் கிடைக்கும் நீல மார்க்கிங் இங்க் அடிக்கலாம். அவசரத்துக்குப் பட்டையான பெர்மனன்ட் மார்க்கரே போதும். ஆனால் எனக்குப் பிடித்தது மயில்துத்தம். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் சுண்ணாம்போடு சேர்த்து போர்டோ கலவையாகத் தெளிக்கிறார்களே, அதே நீலக் கல்தான். உரக்கடையில் கிடைக்கும். ஒரு ஸ்பூன் பொடியை நூறு மில்லி தண்ணீரில் கரைத்து, சுத்தமான எம்.எஸ். மேல் துணியால் தடவினால், இரும்பு கரைந்து அந்த இடத்தில் மெல்லிய செம்புப் படலம் படியும். அதில் போடும் ஸ்க்ரைபர் கோடு செம்புக்கு நடுவே வெள்ளிக் கோடாகப் பளிச்சென்று தெரியும். கை பட்டாலோ எண்ணெய் பட்டாலோ மார்க்கர் மாதிரி அழிந்துபோகாது.

சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் கருப்புச் செதிலும் இருந்தால் செம்பு பிடிக்காது. முதலில் எமரி பேப்பரால் தேய்த்துத் துடைக்க வேண்டும். படிந்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் துரு ஏறும். மயில்துத்தம் விஷம். சமையல் பாத்திரத்தில் கரைக்கக்கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது, மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியத்துக்கு இது சரிவராது. சேலத்தில் இரும்பாலை இருப்பதால் எஸ்.எஸ். துண்டுகள் பலர் கையில் புழங்கும். அதற்கு மார்க்கரோ நீல இங்கோதான்.

எல்லா அளவும் ஒரே ஓரத்திலிருந்து

இந்தப் பகுதியை மட்டும் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வழக்கமாக என்ன செய்கிறோம்? முதல் துளையை ஓரத்திலிருந்து அளக்கிறோம். இரண்டாவதை முதல் துளையிலிருந்து, மூன்றாவதை இரண்டாவதிலிருந்து. ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. ஒரே பக்கமாகத் தப்பினால், ஆறாவது துளைக்குப் போகும்போது ஒரு மில்லிக்கு மேல் போய்விடும். அதற்குப் பதில் ‘அ’ ஓரத்திலிருந்தும் ‘ஆ’ ஓரத்திலிருந்தும் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக அளந்தால், ஒரு துளையின் தப்பு அடுத்ததோடு சேராது. பட்டறையில் இதற்கு டேட்டம் என்பார்கள்.

நம் பிளேட்டில் மையம் இரண்டு ஓரத்திலிருந்தும் 75 மி.மீ. ஆறு துளைகள் 60 டிகிரி இடைவெளியில் வருகின்றன. கணக்குப் போட்டால் ஒவ்வொரு துளைக்கும் ‘அ’ ஓரத்திலிருந்து ஒரு தூரம், ‘ஆ’ ஓரத்திலிருந்து ஒரு தூரம் என்று மி.மீ. கணக்கில் இப்படி வரும்:

1: 125.0, 75.0
2: 100.0, 118.3
3: 50.0, 118.3
4: 25.0, 75.0
5: 50.0, 31.7
6: 100.0, 31.7

ஆறு துளைக்கு நிறுத்துக் கோடு ஐந்தும் படுக்கைக் கோடு மூன்றும் போதும், நடுத்துளைக்கும் சேர்த்து. 118.3-உம் 31.7-உம் 75-இல் 43.3-ஐக் கூட்டியும் கழித்தும் வந்தவை. 43.3 எங்கிருந்து வந்தது என்றால், 50-ஐ சைன் 60-ஆல் (0.866) பெருக்கியது. செல்போன் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் சைன் பொத்தான் வந்துவிடும். டிகிரியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடுகளைப் போட ஹைட் கேஜ் (சமதளத்தில் நின்று, வைத்த உயரத்தில் கோடு கிழிக்கும் அளவுகோல்) இருந்தால் யோகம். இல்லாவிட்டால் ஜென்னி காலிபர் போதும்: ஒரு கால் வளைந்து ஓரத்தைப் பிடிக்கும், மறுகால் ஊசியாகக் கோடு கிழிக்கும். வெர்னியர் காலிபரின் வாயாலேயே கோடு கிழிக்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. முனை தேய்ந்து வெர்னியர் கெட்டுப்போகும் என்று ஃபிட்டர்கள் திட்டுவார்கள், அவர்கள் சொல்வது சரிதான். பழைய, விலை மலிவான ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிவிட்டால் திட்டு வாங்க வேண்டியதில்லை.

ஹைட் கேஜ் வைக்க சமதளம் வேண்டும். சர்ஃபேஸ் பிளேட் வாங்கும் அளவுக்கு எல்லோருக்கும் வேலை இருக்காது. கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு வெட்டியதில் மீந்த பாலிஷ் துண்டு வீட்டு மார்க்கிங்குக்குத் தாராளம். நேரான ஸ்கேலை நிறுத்தி வைத்து அடியில் வெளிச்சம் புகுகிறதா என்று நாலு பக்கமும் பார்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கோடு ஒரே இழுப்பில் வர வேண்டும். இரண்டாம் முறை இழுத்தால் இரண்டு கோடு, அப்புறம் எது சரி என்று தெரியாது. கூரான ஸ்க்ரைபர் கோடு ஏறக்குறைய 0.1 மி.மீ. அகலம், மார்க்கர் கோடு ஒரு மில்லி. மார்க்கரால் கோடு போட்டுவிட்டுத் துல்லியத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரையில் மொட்டை மாடியில் கிடந்த தகட்டை அப்படியே எடுத்து மார்க் செய்யாதீர்கள். 300 மி.மீ. அலுமினியத் தகடு 30 டிகிரி சூடேறினால் 0.2 மி.மீ. நீளும், இரும்பு அதில் பாதி. தகடும் ஸ்கேலும் நிழலில் ஒரே சூட்டுக்கு வரட்டும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே வேறு கவலை: மூடுபனி நாளில் ராத்திரி முழுக்க வைத்த பளபளப்பான தகடு காலையில் துருப்பிடித்திருக்கும். வேலையைப் பாதியில் நிறுத்தினால் லேசாக எண்ணெய் தடவி வையுங்கள்.

டிவைடரால் பிரிப்பது

வட்டமான ஃபிளாஞ்சாக இருந்து ராவிய ஓரமே இல்லையென்றால் டிவைடர்தான் வழி. நடுவில் ஏற்கெனவே பெரிய துளை இருந்தால், அதற்குள் ஒரு மரக்கட்டையை இறுக அடித்து, துளையின் விளிம்பிலிருந்து ஜென்னி காலிபரால் நான்கு பக்கமும் வில் போட்டு மையத்தைக் கண்டுபிடிக்கலாம். டிவைடர் கால் மரத்தில் அலையாமல் இருக்க ஒரு சின்னத் தகரத் துண்டை அதன்மேல் ஆணியால் பதித்துவிட வேண்டும்.

அடுத்தடுத்த இரு துளைகளின் மைய இடைவெளிக்குப் பிசிடியை இந்த எண்ணால் பெருக்குங்கள்: மூன்று துளைக்கு 0.866, நான்குக்கு 0.7071, ஐந்துக்கு 0.5878, ஆறுக்கு 0.5, எட்டுக்கு 0.3827, பன்னிரண்டுக்கு 0.2588. நம் 100 மி.மீ. பிசிடியில் எட்டுத் துளை என்றால் 38.27. ஆறுத் துளைக்கு ஆரமே இடைவெளி என்பதால், வட்டம் போட்ட டிவைடரை அப்படியே எடுத்து நடத்தலாம்.

டிவைடரைச் சரியாக 38.27-க்கு வைக்கக் கண்ணால் முடியாது. ஆனால் வட்டமே உங்களுக்குக் கணக்குச் சொல்லும். முதல் புள்ளியிலிருந்து எட்டு அடி நடத்துங்கள். திரும்பி வந்து சேரும்போது 0.8 மி.மீ. தாண்டிவிட்டால், ஒவ்வொரு அடியும் 0.1 அதிகம் என்று அர்த்தம். அதில் எட்டில் ஒரு பங்கை மட்டும் குறைத்து மறுபடி நடத்துங்கள். கண்ணுக்கே தெரியாத தப்பை எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதால் இந்தப் பழைய முறை இன்னும் நிற்கிறது. நடத்திப் பார்க்கும்போது அழுத்திக் குத்தாதீர்கள்; சரியாக மூடிய பிறகுதான் வில் கீற வேண்டும். அதிலும் எல்லா வில்லையும் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு வராமல், முதல் புள்ளியிலிருந்து பாதி இடதுபுறம், பாதி வலதுபுறம் போட்டால் மிச்சமிருக்கும் தப்பும் பாதியாகும்.

பிரின்ட் எடுத்து ஒட்டுவதும் உண்டு. ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்குப் பொருந்துமாறு சுருக்கிவிடுவார்கள், அதனால் படத்திலேயே 100 மி.மீ. நீளத்துக்கு நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரு கோடு போட்டு, ஒட்டும் முன் அளந்து பாருங்கள். அரை மில்லி வேலைக்கு இது போதும். அதற்கு மேல் நம்ப மாட்டேன்.

பஞ்ச்

கோடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை வீணடிக்கும் இடம் இதுதான். முதலில் 60 டிகிரி முனையுள்ள டாட் பஞ்ச். கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். பஞ்சைச் சாய்த்து, முனையை ஒரு கோட்டுக்குள் வைத்து மெதுவாக நகர்த்தினால், குறுக்குக் கோடு வரும் இடத்தில் ‘டிக்’ என்று உட்காரும். அங்கேயே நிமிர்த்தி, லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான்.

இப்போது பூதக்கண்ணாடியில் பாருங்கள். வாட்ச் ரிப்பேர்காரர் வைத்திருக்கும் கண் லென்ஸ் இதற்கு அருமை. புள்ளியிலிருந்து நான்கு கோடும் நான்கு பக்கமும் சமமாக வெளிவர வேண்டும். ஒரு பக்கம் தள்ளியிருந்தால், பஞ்சைப் போக வேண்டிய திசைக்குச் சாய்த்துத் தட்டி புள்ளியை இழுத்து, பிறகு நிமிர்த்தி இன்னொரு தட்டு. இந்தக் கட்டத்தில் திருத்துவது சுலபம். அப்புறம் முடியாது.

ஆறும் சரி என்று தெரிந்த பிறகே 90 டிகிரி சென்டர் பஞ்ச். வைஸ் மேல் வைக்காமல், கனமான இரும்புத் துண்டின்மேல் வைத்து ஒரே அடி. எஸ்.எஸ். தகட்டில் மட்டும் பலமாக அடிக்காதீர்கள். அடி விழுந்த இடம் இறுகிப்போய் பிட் வழுக்கும்.

அதே மையத்திலிருந்து டிவைடரால் 9 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, அதன்மேல் நான்கு பக்கமும் டாட் பஞ்ச் புள்ளி வையுங்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்கள் விட்னஸ் மார்க் என்பார்கள். துளை சரியாக வந்தால் நான்கு புள்ளியிலும் பாதி மட்டும் மிஞ்சி நிற்கும்.

டிரில் செய்வது

வேலையைக் கையால் பிடிக்காதீர்கள், கிளாம்ப் போடுங்கள். கையுறை வேண்டாம், தோளில் துண்டு வேண்டாம், கண்ணாடி வேண்டும்.

மெஷினின் மேஜை சாய்ந்திருந்தால் மேலே சரியாக இருக்கும் துளை அடியில் விலகிப்போகும். ஒரு டிகிரி சாய்வுக்கு 8 மி.மீ. பிளேட்டில் 0.14 மி.மீ.தான், 25 மி.மீ. பிளேட்டில் 0.44. வளைத்த கம்பி ஒன்றைச் சக்கில் மாட்டி, கையால் சுற்றி, முனை மேஜையைச் சுற்றிலும் ஒரே மாதிரி தொடுகிறதா என்று பார்த்தால் போதும்.

பிட்டின் நுனியில் ஒரு குட்டை விளிம்பு இருக்கிறது. அது வெட்டாது, அழுத்தித் தள்ளும். பஞ்ச் குழியை விட அது பெரிதாக இருந்தால் பிட் அலைந்துவிடும். அதனால் லேத்துக்காரர் பயன்படுத்தும் குட்டையான, வளையாத சென்டர் டிரில்லால் முதலில் குழி போட்டு, பிறகு 3 மி.மீ., பிறகு நேராக 9. நடுவில் 5, 7 என்று படிப்படியாக ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே பெரிதான துளையில் பிட் அதிர்ந்து வட்டம் கெடும். எம்.எஸ்.ஸுக்கு வேகம் தோராயமாக 8000-ஐ பிட் விட்டத்தால் வகுத்தால் வரும்: 9 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 900 சுற்று. எஸ்.எஸ்.ஸுக்கு அதில் பாதி, கூடவே கட்டிங் ஆயில், விடாத அழுத்தம். மெல்லிய தகட்டில் சாதாரண பிட் முக்கோணத் துளை போடும். அடியில் மரக்கட்டை வைத்து, படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில்லால் போடுங்கள்.

9 மி.மீ. பிட் முழு அகலத்துக்கு இறங்கும் முன் தூக்கிப் பாருங்கள். குழி விட்னஸ் வட்டத்துக்கு நடுவில் இல்லையென்றால், எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கச் சரிவில் கூர் உளியால் ஒரு சின்னப் பள்ளம் வெட்டுங்கள். பிட் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். முழு அகலம் இறங்கிவிட்டால் இந்த வித்தை பலிக்காது.

இருக்கும் துளையைப் பார்த்துப் போடுவது

ஜோடி பாகம் ஏற்கெனவே கையில் இருந்தால் அளக்கவே வேண்டாம். இரண்டையும் கிளாம்ப் போட்டு, மேல் துளையில் சரியாக நுழையும் பிட்டால் கீழே ஒரு குழி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துளையை முழுக்கப் போட்டு போல்ட்டை மாட்டி இறுக்கிவிட்டு, எதிரிலுள்ளதைப் போட்டு அதையும் இறுக்கிய பிறகு மற்றவை. எந்தப் பக்கம் எதோடு சேரும் என்று இரண்டின் ஓரத்திலும் பஞ்ச் அடையாளம் வைக்க மறக்காதீர்கள்.

மரை போட்ட துளையிலிருந்து எடுப்பது வேறு. போல்ட்டின் தலையை அறுத்து, முனையை லேத்தில் கூராக்கி, துளைக்குள் முறுக்கி முனை மட்டும் ஒரு மில்லி வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு வையுங்கள். புது பிளேட்டை அதன்மேல் அமர்த்தி ஒரு தட்டு தட்டினால் எல்லா மையமும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். பம்ப் ஃபிளாஞ்சுக்கு பேக்கிங் வெட்டும் மெக்கானிக் செய்வதுபோல், காகிதத்தை வைத்துப் பால் பீன் சுத்தியலால் ஓரத்தைத் தட்டி அச்சு எடுக்கலாம். பேக்கிங்குக்கு அது போதும், இரும்புக்குப் போதாது.

சரிபார்ப்பதும் காப்பாற்றுவதும்

இரண்டு துளையிலும் இறுக நிற்கும் பிட்களின் வாலைச் செருகி, வெர்னியரால் வெளிப்பக்கமாக அளந்து, அதில் ஒரு வாலின் விட்டத்தைக் கழித்தால் மைய தூரம். எதிரெதிர் துளைகள் மூன்று ஜோடியும் 100 வர வேண்டும், அடுத்தடுத்தவை 50. நான்கு துளை பேஸ் பிளேட் என்றால் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக வருகிறதா என்று பார்க்கவும். 120 × 80 அமைப்புக்கு 144.2. பக்கங்கள் சரியாக இருந்தும் மூலைவிட்டம் வேறுபட்டால் அமைப்பு சாய்ந்துவிட்டது என்று பொருள்.

ஒரு துளை மட்டும் கால் மில்லிக்கு மேல் தப்பிவிட்டால், ஆறையும் 10 மி.மீ. ஆக்குவது முதல் வழி. ஒன்றை மட்டும் நீளமாக ராவுவதை விட அது நன்றாக இருக்கும். அதுவும் போதாதென்றால் துளையை வெல்டிங்கால் நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள். வெல்டு விழுந்த இடம் சுற்றியுள்ள இரும்பை விடக் கடினமாக இருக்கும், புதுத் துளை போடும்போது பிட் மென்மையான பக்கத்துக்கு வழுக்கிப்போய் பழைய தப்பே திரும்ப வரும். துளையைப் பெரிதாக்கி மரை போட்டு, எம்.எஸ். போல்ட் துண்டு ஒன்றை முறுக்கி, இரண்டு பக்கமும் பஞ்சால் அடித்துப் பிடிக்கவைத்து, மட்டமாக ராவி, ‘அ’ ஓரத்திலிருந்தும் ‘ஆ’ ஓரத்திலிருந்தும் மறுபடி அளந்து கோடு போடுங்கள்.